போலீஸ் தோளில் தொங்கும் எஸ்.எல்.ஆர். தேவைப்படும்போது சுடுமா? ரைபிளை ரேஞ்சில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

2019 ஆகஸ்ட் 21. பீகார் மாநிலம் சுபால் மாவட்டத்தில் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு. முதல்வர் நிதிஷ் குமார் உட்பட பலரும் நிற்க, அரசு மரியாதை கொடுக்க போலீசார் 22 துப்பாக்கிகளை வானத்தை நோக்கித் தூக்கினார்கள். ட்ரிகரை அழுத்தினார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

இரண்டோ மூன்றோ அல்ல, 22-ம். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்ததால் நாடு முழுக்க அந்தக் காட்சி பரவியது. பலரும் சிரித்தார்கள், விசாரணைக்கும் உத்தரவிடப்பட்டது. அது வெறும் மரியாதை நிகழ்ச்சி, போடப்பட்டதும் வெற்றுத் தோட்டாக்கள், அதனால் சிரிப்போடு போயிற்று. அதே துப்பாக்கிகள் வேறொரு இடத்தில், உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் அப்படி நின்றிருந்தால்?

இந்தக் கேள்வி பீகாருக்கு மட்டுமானது இல்லை.

திருவண்ணாமலையில் நிற்கும் ரைபிள்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருகிறார்கள். அண்ணாமலையார் கோயில், மாட வீதிகள், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை என்று எங்கு திரும்பினாலும் போலீஸ். கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்களிடம் லத்தியும் விசிலும்தான் இருக்கும். ஆயுதத்தோடு நிற்பவர்கள் வேறு. தமிழ்நாட்டில் ஆயுதம் ஏந்திய காவலர்கள் கையில் மக்கள் பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய நீளமான ரைபிள்தான் எஸ்.எல்.ஆர். ‘செல்ஃப் லோடிங் ரைபிள்’ என்பதன் சுருக்கம்.

இந்த மாதிரி காவல் பணியில் இருக்கும் ரைபிளுக்கு ஒரு விசித்திரமான வாழ்க்கை. தினமும் தோளில் ஏறுகிறது, இறங்குகிறது. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் காய்கிறது. கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் நனைகிறது. தெருப் புழுதியும் கை வியர்வையும் அதில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் சுடுவது மட்டும் அநேகமாக நடப்பதே இல்லை. நடக்கக் கூடாது என்பதுதான் எல்லோருடைய விருப்பமும். அப்படி மாதக்கணக்கில் சும்மா இருக்கும் ஒரு இயந்திரம், கூப்பிட்ட நொடியில் வேலை செய்யும் என்று எதை வைத்து நம்புவது?

பதில், ரேஞ்ச் எனப்படும் துப்பாக்கி சுடும் தளத்தில்தான் கிடைக்க வேண்டும். “ரைபிள்னா சுடத்தானே செய்யும், இதுல சோதிக்க என்ன இருக்கு?” என்று கேட்டால், நிறையவே இருக்கிறது.

முதலில், ‘செமி ஆட்டோமேட்டிக்’ என்றால் என்ன?

பழைய .303 ரைபிளில் ஒரு தோட்டா சுட்டதும், கையால் போல்ட்டைத் திருகிப் பின்னால் இழுத்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, மறுபடி முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் இந்த ரைபிளோடுதான் இமயமலையில் நின்றார்கள். அந்தப் போருக்குப் பிறகுதான் ராணுவம் எஸ்.எல்.ஆருக்கு மாறியது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய ‘ஃபால்’ ரைபிளை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் அது தயாரானது. 7.62 மி.மீ. தோட்டா, 20 தோட்டா பிடிக்கும் மேகசின், எடை சுமார் நாலரை கிலோ.

இதில் போல்ட்டைக் கையால் இழுக்கும் வேலை இல்லை. தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி, குழலில் உள்ள சின்னத் துளை வழியாகப் பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பாகத்தைப் பின்னால் தள்ள, காலிக் கூடு வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் ஒருமுறை ட்ரிகரை அழுத்தினால் ஒரு தோட்டாதான். அதனால்தான் இது ‘செமி’. அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது முழு ஆட்டோமேட்டிக்.

பொதுமக்களுக்கு இந்த வகை ரைபிள் கிடைக்காது. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் வைத்திருக்கின்றன. ரைபிள் கிளப்களில் பழகுபவர்கள் ஏர் ரைபிளும் .22 ரைபிளும்தான் பெரும்பாலும் தொடுகிறார்கள்.

குறி தவறாததும், நின்று போகாததும் ஒன்றல்ல

ரேஞ்சில் ஒரு ரைபிளிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. குறி வைத்த இடத்தில் அடிக்கிறதா? ஒவ்வொரு முறையும் அடிக்கிறதா? கேட்க ஒரே மாதிரி இருந்தாலும், இவை இரண்டும் பல நேரம் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

காரணம் எளிது. பாகங்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தினால் குறி துல்லியமாகும். ஆனால் அந்தக் கச்சிதத்துக்குள் கொஞ்சம் மணல் போனாலும் சிக்கிக்கொள்ளும். பாகங்கள் சற்றுத் தளர்வாக இருந்தால் மணலும் சேறும் போனாலும் ஓடும், குறிதான் கொஞ்சம் அலையும். ஏ.கே. ரைபிள் உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்தத் தளர்வும் ஒரு காரணம். போட்டியில் சுடும் வீரருக்கு முதல் வகை வேண்டும். சேற்றில் படுத்துக் கிடக்கும் ஜவானுக்கு இரண்டாவது வகை வேண்டும். ராணுவம் கேட்பதோ இரண்டையும் ஒரே ரைபிளில்!

குறியை எப்படிச் சோதிக்கிறார்கள்?

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். படுத்த நிலையில், ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து தோட்டா. பிறகு டார்கெட் பேப்பரை எடுத்துப் பார்ப்பார்கள். நடுப்புள்ளியில் பட்டதா என்பது முதல் கேள்வி இல்லை. ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பெயர் குரூப்பிங்.

ஐந்தும் நெருக்கமாக, ஆனால் நடுவிலிருந்து ஒரு சாண் இடதுபக்கம் பட்டிருந்தால் அது நல்ல செய்தி. ரைபிளின் குறிமுனையைச் சற்றுத் திருத்தினால் மொத்தக் கூட்டமும் நடுவுக்கு வந்துவிடும். இந்தத் திருத்தம்தான் ஜீரோயிங். ஆனால் ஓட்டைகள் நாலாபக்கமும் சிதறியிருந்தால் எந்தத் திருகாணியைத் திருப்பினாலும் பயன் இல்லை. தேய்ந்த குழலா, ஆடும் பாகமா, மோசமான தோட்டாவா, சுட்டவரின் நடுங்கும் கையா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

கை நடுக்கத்தை விலக்க, தொழிற்சாலைகளில் ரைபிளை அசையாத தாங்கியில் பொருத்திச் சுடுவார்கள். அதிலும் சிதறினால் குற்றம் மனிதன் மேல் இல்லை.

ராணுவ ரைபிள் ஒன்று 100 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து தோட்டாவையும் போட்டால் பரவாயில்லை என்பது பொதுவான கணக்கு. சின்ன இட்லி அளவு வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ரைபிள், அதே கை, 300 மீட்டருக்குப் போனால் இட்லி தோசையாகிவிடும், 30 சென்டிமீட்டர். காற்றும் புவியீர்ப்பும் வேறு சேர்ந்துகொள்ளும். 100 மீட்டருக்குத் திருத்தி வைத்த எஸ்.எல்.ஆரால், குறியை மாற்றாமல் 300 மீட்டரில் சுட்டால் தோட்டா கிட்டத்தட்ட ஒரு முழம் கீழே இறங்கியிருக்கும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றே தோட்டா சுட்டு, மூன்றும் ஒட்டிக்கொண்டு விழுந்தால் ‘சூப்பர் ரைபிள்’ என்று சொல்லிவிடுவார்கள். மூன்று தோட்டா நெருக்கமாக விழுவது தற்செயலாகவே நடக்கக்கூடியது. பத்து சுட்டால் கூட்டம் விரியும், உண்மை தெரியும். அடுத்தடுத்துச் சுடும்போது குழல் சூடாகும். சூடான குழல் குறியை மெல்ல நகர்த்தும். முதல் தோட்டாவும் முப்பதாவது தோட்டாவும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று பார்த்தால்தான் சோதனை முழுமை. இன்னொன்று: காவல் பணியில் இருப்பவருக்கு முக்கியம் முப்பதாவது இல்லை, முதல் தோட்டாதான். குளிர்ந்த குழல், மாதக்கணக்கில் சுடாத ரைபிள், அதில் முதல் தோட்டா எங்கே போகிறது என்பதைத் தனியாகக் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

நின்று போகாமல் ஓடுகிறதா?

இது குறியைவிடக் கஷ்டமான சோதனை. குறியை ஐம்பது தோட்டாவில் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நம்பகத்தன்மையைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் சுட வேண்டும்.

ஏன் ஆயிரக்கணக்கில்? ஒரு ரைபிளில் 300 தோட்டா சுட்டாகிவிட்டது, ஒருமுறைகூடச் சிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிரமாதம் என்றுதான் தோன்றும். புள்ளியியல் அப்படிச் சொல்வதில்லை. அந்த 300-ஐ வைத்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவதெல்லாம், ‘நூறில் ஒன்றைவிடக் குறைவாகத்தான் சிக்கும்’ என்பது மட்டுமே. நூறில் ஒன்று என்றால் ஐந்து மேகசினுக்கு ஒருமுறை. துப்பாக்கிச் சண்டையில் அது உயிர் போகும் கணக்கு. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அதே உறுதியோடு சொல்ல, மூவாயிரம் தோட்டாக்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியிருக்க வேண்டும்.

தடங்கலை ரேஞ்சில் ‘ஸ்டாப்பேஜ்’ என்பார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பேஜையும் எழுதி வைக்கிறார்கள். எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், எந்த விதமான சிக்கல். காலிக் கூடு வெளியே வரவில்லையா, அடுத்த தோட்டா மூக்கு இடித்து நின்றதா, ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லையா என்று வகை பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி வேறு. கூடு வரவில்லை என்றால் வாயு போதவில்லை அல்லது அறை அழுக்கு. மூக்கு இடித்தால் பெரும்பாலும் மேகசின். வெடிக்கவே இல்லை என்றால் தோட்டாவோ, அடிக்கும் ஊசியோ.

எஸ்.எல்.ஆரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. பிஸ்டனைத் தள்ளும் வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வளையம். வாயுவைக் குறைவான நிலையில் வைத்துச் சுட ஆரம்பித்து, ரைபிள் தடங்கல் இல்லாமல் ஓடத் தொடங்கும் இடம் வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தாமல், இன்னும் ஓரிரு படி கூட்டி வைப்பார்கள். நாளை அழுக்கு சேரும், மழை பெய்யும், அப்போதும் ஓட வேண்டுமே, அதற்கான கையிருப்பு. ரொம்பக் கூட்டினாலும் ஆபத்து. தோளில் உதை பலமாகும், பாகங்கள் சீக்கிரம் உடையும். ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு ரைபிளுக்கும் இந்த அளவு வேறு வேறு. அதனால்தான் ‘என் ரைபிள்’ என்று ஒரு எண்ணைச் சொல்லி வாங்குகிறார்கள். யாரோ ஒருவருடையதை எடுத்துக்கொண்டு போனால் அவருடைய ஜீரோவும் அவருடைய வாயு அளவும்தான் கூட வரும்.

மேகசின் என்ற சாதாரண டப்பா

ரைபிள் என்றதும் எல்லோர் கண்ணும் குழல் மேல்தான் போகும். தடங்கல்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மேகசின் என்ற தகர டப்பா அடிக்கடி தலைகாட்டும்.

2007-ல் அமெரிக்க ராணுவம் ஒரு தூசிச் சோதனை நடத்தியது. நான்கு வகை ரைபிள்கள், வகைக்குப் பத்து, மெல்லிய தூசி நிறைந்த அறையில் வகைக்கு 60,000 தோட்டா. அமெரிக்க வீரர்கள் அன்றாடம் தூக்கிய எம்4 கார்பைன் 882 முறை சிக்கியது. அதாவது 68 தோட்டாவுக்கு ஒருமுறை. போட்டியிட்ட எக்ஸ்.எம்.8 சிக்கியது 127 முறை மட்டும். எம்4-ன் 882-ல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மேகசினால் வந்தவை.

இதைவிடச் சுவாரசியமான விஷயம், சில மாதங்களுக்கு முன் அதே எம்4 இதே மாதிரி தூசிச் சோதனையில் சுமார் 300 முறைதான் சிக்கியிருந்தது. ஒரே மாடல் ரைபிள், ஒரே மாதிரி சோதனை, முடிவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்! அவ்வளவு பணமும் கருவியும் இருக்கும் ராணுவத்துக்கே இப்படி என்றால், ஒரே நாள் சோதனையை வைத்து ‘பாஸ்’ என்று முத்திரை குத்துவதில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று புரியும்.

கார்கில் சொன்ன பாடம்

நம் ஊர்க் கதைக்கு வருவோம். திருவண்ணாமலை, வேலூர் பக்கம் ராணுவத்துக்கு ஆள் போகாத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும். கண்ணமங்கலம் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். இந்தக் குடும்பங்களுக்கு ரைபிள் சோதனை என்பது தொழில்நுட்பச் செய்தி இல்லை.

எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக 1990-களில் இந்திய ராணுவத்துக்கு வந்தது இன்சாஸ். புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் ஏ.ஆர்.டி.இ. ஆய்வகம் வடிவமைத்த 5.56 மி.மீ. ரைபிள். அதைத் தயாரித்த தொழிற்சாலைகளில் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒன்று. எடை குறைவு, உதை குறைவு, குறியும் நன்றாகவே இருந்தது. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்படி, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மேகசின். நல்ல யோசனைதான்.

1999-ல் கார்கில். 16,000 அடிக்கு மேலே, உறைபனிக் குளிர். அந்தப் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன. ரைபிள்கள் சிக்கின. மூன்று தோட்டா மட்டும் போக வேண்டிய நிலையில் வைத்தால் தொடர்ந்து சுட்டுக்கொண்டே போனதாகவும் புகார் வந்தது. குறி சரியாக இருந்த ரைபிளைக் குளிரில் விரிந்த ஒரு டப்பா காலை வாரியது.

2005 ஆகஸ்டில் நேபாளத்தின் கலிகோட் மாவட்டத்தில் பிலி ராணுவ முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கியதில் 43 பாதுகாப்புப் படையினர் இறந்தார்கள். நீண்ட நேரச் சண்டையில் இன்சாஸ் ரைபிள்கள் சரியாக இயங்கவில்லை என்று நேபாள ராணுவம் சொன்னது. பராமரிப்பும் பயன்படுத்திய விதமும்தான் காரணமாக இருக்கலாம் என்றது இந்தியத் தரப்பு. யார் சொன்னது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பராமரிப்பு குறைந்தாலும் ஓடுமா, மணிக்கணக்கில் சுட்டாலும் ஓடுமா என்பதும் சோதனையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தானே?

இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. வியட்நாம் போரில் அமெரிக்காவின் எம்16 இதைவிட மோசமாக அடிவாங்கியது. சோதனையில் ஒரு வகை வெடிமருந்து, களத்துக்கு அனுப்பிய தோட்டாவில் வேறு வகை. புதிய மருந்து அதிக அழுக்கைச் சேர்த்தது. துப்புரவுக் கருவிகளும் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. கூடு சிக்கிய ரைபிளோடு வீரர்கள் இறந்து கிடந்தார்கள். 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்தது. சோதித்தது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதுதான் அதன் சாரம்.

கார்கிலுக்குப் பிறகு இந்திய ராணுவம் கண்டிப்பாகிவிட்டது என்றே சொல்லலாம். 2017-ல் இச்சாப்பூரில் தயாரான புதிய 7.62 மி.மீ. ரைபிள், சோதனையில் அளவுக்கு மீறிச் சிக்கியதால் நிராகரிக்கப்பட்டது. மேகசினை முழுக்க மறுவடிவமைக்க வேண்டும் என்று சொன்னார்கள். மறுபடியும் மேகசின்! உள்நாட்டுத் தயாரிப்பை நிராகரித்ததில் பலருக்கு வருத்தம். ரேஞ்சில் தோற்ற ரைபிளால் யாரும் சாகவில்லை என்பதையும் அந்த வருத்தத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதன்பின் 2019-ல் அமெரிக்காவின் சிக் 716 ரைபிள்கள் 72,400 வாங்க ஒப்பந்தமானது. உத்தரப் பிரதேசம் அமேதியில் ஏ.கே.203 தயாரிக்க 2021-ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம், எண்ணிக்கை ஆறு லட்சத்துக்கும் மேல். 2024 ஜனவரியில் ஏ.ஆர்.டி.இ., ஹைதராபாத் தனியார் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து ‘உக்ரம்’ என்ற ரைபிளை அறிமுகப்படுத்தியது. நான்கு கிலோவுக்குக் குறைவான எடை, 500 மீட்டர் தூரம், நூறு நாளுக்குள் உருவாக்கியதாகச் சொன்னார்கள். நூறு நாளில் உருவாக்கிவிடலாம். பாலைவனம், பனிமலை, ஈரக்காடு என்று ஒவ்வொன்றிலும் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு நூறு நாள் போதாது.

திருச்சி தொழிற்சாலையும் சும்மா இல்லை. 2021 அக்டோபரில் பழைய துப்பாக்கித் தொழிற்சாலை வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் அது வந்தது. ஏ.கே. வகைத் தோட்டாவைப் பயன்படுத்தும் ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ அங்கே தயாராகிறது.

சோதிக்கும் இடமே ஆபத்தானால்?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்தான். தளத்தை மூட உத்தரவிடப்பட்டது. குடும்பத்துக்கு முதல்வர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

அவ்வளவு தூரம் தோட்டா போகுமா என்று அப்போது பலரும் கேட்டார்கள். தாராளமாகப் போகும். 7.62 மி.மீ. தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகம். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். 300 மீட்டர், 500 மீட்டர் என்று ரைபிளுக்குச் சொல்லப்படும் தூரமெல்லாம் குறிவைத்து அடிக்கக்கூடிய தூரம். தோட்டா அங்கே நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை.

100 மீட்டர் தளத்தில் குழல் முனை ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கினால் தோட்டா டார்கெட்டுக்கு மேலே 1.75 மீட்டர் உயரத்தில், அதாவது ஓர் ஆள் உயரத்தில் பறக்கும். பின்னால் இருக்கும் மண்மேடு அதைப் பிடிக்கும். பத்து டிகிரி தூக்கினால் எந்த மண்மேடும் பிடிக்காது. பாறையில் பட்டுத் தெறிக்கும் தோட்டாவோ எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பல தளங்கள் குன்றுகளை நம்பித்தான் அமைந்திருக்கின்றன. குன்று இயற்கையான தடுப்புதான், ஆனால் அதன் முகம் பாறையாக இருந்தால் அதே குன்று தோட்டாவைத் திருப்பியும் அனுப்பும். ஊர் வளர வளர வீடுகள் குன்றின் மறுபக்கம் வந்து நிற்கின்றன.

செமி ஆட்டோமேட்டிக் ரைபிளைச் சோதிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. .303-ல் ஒரு தோட்டா போனதும், போல்ட்டை இழுக்கும்வரை அது வெறும் இரும்பு. எஸ்.எல்.ஆரில் ஒரு தோட்டா போன அந்த நொடியிலேயே அடுத்தது உள்ளே தயாராக இருக்கும். “ஜாம் ஆயிடுச்சு சார்” என்று ஒருவர் ரைபிளோடு திரும்பினால், குழல் முனை பக்கத்தில் படுத்திருப்பவர்களைக் கடந்து வரும். அதனால் சிக்கினால் முதல் விதி, முனை டார்கெட் பக்கமே இருக்க வேண்டும், விரல் ட்ரிகரை விட்டு வெளியே வர வேண்டும், கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். வெடிக்காத தோட்டா சில நொடி தாமதித்து வெடிக்கவும் கூடும், அதனால் உடனே திறக்கக் கூடாது. சிவப்புக் கொடி, சுற்றிலும் காவல், கிராமங்களுக்கு முன்னறிவிப்பு எல்லாம் இதற்கு மேல்.

மறுபடி கோயில் வாசலுக்கு

சுபாலில் வெடிக்காத 22 துப்பாக்கிகளைப் போல எதுவும் நடக்காமல் இருக்க, மாவட்ட ஆயுதப்படைக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஒவ்வொரு ரைபிளின் எண்ணுக்கும் எதிரே கடைசியாக எப்போது சுட்டது, எத்தனை முறை சிக்கியது, எந்த மேகசினோடு சிக்கியது என்ற குறிப்பு வேண்டும். விரிசல் விட்ட, வாய் நெளிந்த மேகசினை “இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்” என்று பெட்டியில் திருப்பிப் போடாமல் ஒதுக்க வேண்டும். ரேஞ்சுக்கு மட்டும் புதுத் தோட்டா, காவல் பணிக்கு வருடக்கணக்கில் பையில் கிடந்த தோட்டா என்று இருந்தால், சோதித்தது ஒன்று, தோளில் இருப்பது ஒன்று. வியட்நாமில் நடந்த அதே தவறு.

வருடாந்திரப் பயிற்சியில் ஒரு காவலருக்குக் கிடைக்கும் தோட்டாக்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்து அவருடைய குறியையும் பார்க்க வேண்டும், ரைபிளையும் பார்க்க வேண்டும். நடைமுறையில் முன்னதற்குத்தான் மார்க். நன்றாகத் துடைத்து எண்ணெய் போட்ட ரைபிள், வெயில் ஏறாத காலை நேரம், காய்ந்த தரை. தீபத்தன்று நனைந்து நின்ற ரைபிளை மறுநாள் அப்படியே ரேஞ்சுக்கு எடுத்துப் போய்ச் சுட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை வேறாக இருக்கலாம்.

இப்போதைக்கு, தீபம் முடிந்து பணியிலிருந்து திரும்பும் காவலர் செய்ய வேண்டிய முதல் வேலை, மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, புல்-த்ரூ கயிற்றில் துணியைக் கோத்துக் குழலுக்குள் இழுப்பது. முதல் துணி கறுப்பாகவோ துருவின் சிவப்பாகவோ வரும். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்து, பிஸ்டனையும் வாயு வளையத்தையும் கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, எண்ணைச் சொல்லி ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும்.